குறுக்கலும் குலைத்தலும்

தமிழுக்கு வரும் கேடுகளெல்லாம் வெளியிலிருந்தே வருகின்றன என்று எண்ணி அமைந்திருப்பார், ஒருமுறை தம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தல் நன்று. இற்றைத் தமிழிளைஞன் மிகுதியாக எழுதுவது பள்ளிக் குறிப்பேட்டிலோ கல்லூரித் தேர்வுத்தாளிலோ அன்று. கையகலக் கண்ணாடித் திரையிலேயே. அங்கே அவன் தாய்க்கும் உடன்பிறந்தாளுக்கும் தோழனுக்கும் நாளொன்றுக்குப் பன்முறை எழுதுகின்றான். அதனை இன்ன எழுத்தில்தான் எழுதவேண்டும் என்று எவ்வரசும் அவனுக்கு ஆணையிடவில்லை. எந்த இந்தி வெறியனும் அவன் விரலைப் பற்றி எழுதுவிக்கவுமில்லை. எனினும் அவன் எழுதுவது தமிழெழுத்தில் இல்லை. 'நாளை வருகிறேன்' என்னும் இருசொல்லை உரோமன் எழுத்தில், அதுவும் பாதி உயிரெழுத்துகளை உதிர்த்துவிட்டு எழுதி விடுக்கின்றான். ஏன் இவ்வாறு என்று வினவினால், "குறுஞ்செய்தி குறுகித்தானே இருக்கவேண்டும்? அங்கே போய் இலக்கணம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று மறுவினா எழுப்புகின்றான்.

இம் மறுவினாவில் இரண்டு அறியாமைகள் பொதிந்து கிடக்கின்றன. சுருக்கத்திற்கு இலக்கணம் தடை என்று அவன் எண்ணுகின்றான். தமிழை உரோமன் எழுத்தில் எழுதினால் எழுத்தும் உழைப்பும் குறையும் என்றும் எண்ணுகின்றான். இரண்டுமே பொய். அவை பொய் என்பதை அவனுக்கு எடுத்துக்காட்டாமல், "தமிழைக் கொல்கிறாயே!" என்று கடிந்து மட்டும் பயனில்லை.

முதற்கண் குறுஞ்செய்தி பிறந்த வரலாற்றைக் காண்க. 1985ஆம் ஆண்டில் செருமானியப் பொறிஞர் பிரீடெல்ம் இல்லெபிராண்டு என்பார், பான் நகரில் தம் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்திற் பட்ட சொற்றொடர்களையும் வினாக்களையும் ஒவ்வொன்றாக அடித்து, அவற்றிலுள்ள எழுத்தையும் இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் எண்ணிப் பார்த்தார். அவற்றுட் பெரும்பாலானவை 160க்குள் அடங்கின. அவ்வெண்ணே உலகெங்கணும் குறுஞ்செய்தியின் எல்லையாயிற்று. 1992 திசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வர்த்து என்னும் இளம் பொறிஞர் கணினியிலிருந்து ஒரு கைப்பேசிக்கு முதற் குறுஞ்செய்தியை விடுத்தார். அது கிறித்துமசு வாழ்த்து. அவ்வாழ்த்தில் ஒரு சொல்லும் குறைக்கப்படவில்லை, ஓரெழுத்தும் உதிர்க்கப்படவில்லை.

160 என்னும் அவ்வளவு உரோமன் எழுத்துக்கு அளந்து தைத்த சட்டை. ஒரு செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் பிட்டு எனப்படும் நுண்துணுக்குகள் 1120. உரோமன் எழுத்தொன்றுக்கு ஏழு துணுக்குகள் போதுமென்று வகுத்தமையால் 160 எழுத்துகள் அடங்கின. அவ்வேழு துணுக்குப் பட்டியலில் ஐரோப்பிய மொழிகளின் சிறப்பெழுத்துகளுக்கும் கிரேக்கத் தலைப்பெழுத்துகள் சிலவற்றுக்குங்கூட இடம் தந்தனர், தமிழுக்குத் தரவில்லை. தமிழை ஒருங்குறியில் விடுக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் 16 துணுக்குகள் செலவாகும். எனவே 70 குறிகளோடு செய்தி முடிந்துவிடும். அதிலும் 'கோ' என்னும் ஓரெழுத்து ககர மெய்யுருவும் ஓகாரக் குறியுமாக இரண்டிடம் கொள்ளும். ஒரே கட்டணம் செலுத்தியும் ஆங்கிலத்தில் எழுதுவானுக்கு 160, தமிழில் எழுதுவானுக்கு 70! இது தமிழன் செய்த பிழையன்று. எழுத்தை அளந்தவர் தம் எழுத்தை மட்டுமே கண்முன் வைத்து அளந்ததன் விளைவு.

அன்றியும், பழைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழெழுத்துத் தோன்றவேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்களே தோன்றின. அந்நாளில் உரோமன் எழுத்தை நாடியவனை முற்றும் பழித்தல் முறையாகாது. ஊற்று இல்லாத ஊரில் கிடைத்த நீரைக் குடித்தான் என்றே கொள்ளவேண்டும். ஆனால், அந்நிலை கடந்து நெடுநாளாயிற்று. 2005ஆம் ஆண்டிலேயே முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' சிங்கையில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழில் எழுதி விடுக்க வழி திறந்தது. இன்றோ, கடையில் விற்கும் திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கின்றது. அல்லது விலையின்றிக் கிடைக்கின்றது. செய்திகளும் பெரும்பாலும் இணையவழிச் செயலிகளிலேயே செல்கின்றன. வாட்சாப்பு என்றும் புலனம் என்றும் வழங்கப்படும் செயலியில் 160 என்னும் வேலியும் இல்லை, 70 என்னும் வேலியும் இல்லை. வேலி போயிற்று, வேலிக்கு அஞ்சிக் குனிந்த முதுகு மட்டும் நிமிரவில்லை. செக்கினின்று அவிழ்த்துவிட்ட மாடு மேய்ச்சல் நிலத்திலும் வட்டமிட்டே நடப்பதுபோல், தமிழிளைஞன் தேவையற்ற குறுக்கலைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கின்றான்.

இவ்விடத்தில் படித்தார் சிலர் ஆங்கிலேயரைத் துணைக்கழைப்பர். 'ஆங்கிலேயரும் குறுஞ்செய்தியில் சொற்களைக் குறுக்குகின்றனர். அதனால் ஆங்கிலம் அழிந்துவிடவில்லை என்று டேவிட் கிறிசுடல் என்னும் மொழியறிஞர் 2008இல் ஒரு நூலே எழுதியுள்ளாரே' என்பர். உண்மைதான். அந்நூலின் பெயரிலேயே எட்டு என்னும் எண்ணைச் சொல்லின் ஈற்றொலிக்கு மாற்றாக இட்டு விளையாடியிருக்கின்றார் அவர். எழுத்துக்கூட்டை நன்கறிந்தவனே அதனைத் திறம்படக் குறுக்க வல்லவன் என்பதும், குறுக்கங்கள் கைப்பேசிக்கு முன்னரே ஆங்கிலத்தில் இருந்தன என்பதும் அவர்தம் வாதம். அவ்வாதத்தை மறுக்கவேண்டிய தேவை தமிழர்க்கில்லை. ஏனெனில், அது தமிழர் செய்வதற்குப் பொருந்தவே பொருந்தாது. ஆங்கிலச் சிறுவன் தன் மொழியைத் தன் எழுத்தில் குறுக்குகின்றான். நாளை அவன் ஒரு நூலைக் கையிலெடுத்தால், குறுக்கத்தில் கண்ட அதே எழுத்துகள் விரிந்து நிற்கக் காண்பான். தமிழ்ச் சிறுவனோ தன் மொழியை அயலெழுத்தில் எழுதி, அதன்மேலும் குறுக்குகின்றான். தமிழ்நூலைத் திறந்தால் அவன் விரலறிந்த எழுத்து ஒன்றுகூட அங்கில்லை.

குறுக்குதல் தமிழுக்குப் புதிதுமன்று, பழியுமன்று. கணக்கர்கள் ஓலையிலும் தாளிலும் நாளுக்கும் திங்களுக்கும் ஆண்டுக்கும், பற்றுக்கும் வரவுக்கும், 'மேற்படி' என்பதற்கும் உருபாவிற்கும் எண்ணிற்கும் தனித்தனி ஒற்றைக்குறிகளைப் படைத்துக்கொண்டனர். ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹, ௺ என்னும் அவ்வெட்டும் இன்றும் ஒருங்குறியில் இடம்பெற்றுள்ளன. ஒரு முழுச்சொல்லுக்கு ஒரே குறி! இதனினும் சுருக்கம் எந்தக் கல்லூரி மாணவன் கண்டான்? இவற்றைப் பயன்படுத்துவார் இன்றித் துருப்பிடிக்க விட்டுவிட்டு, 'ஓக்கே' என்பதன் முதலெழுத்தையும் உதிர்த்துவிட்டு வெறும் 'கே' என்று எழுதுவதைப் புதுமை என்கின்றனர். வ.உ.சி., திரு.வி.க., மு.வ., உ.வே.சா. என்று பெரியோர் பெயர்களைத் தமிழெழுத்தாலேயே குறுக்கி வழங்கியது இந்நாடு. பெயரின் முதலெழுத்தைத் தமிழில் எழுதுக என்று 2021இல் தமிழக அரசு ஆணையிடவேண்டிய நிலை வந்ததே, இடையில் எவ்வளவு தொலைவு சறுக்கினர் என்பதற்குச் சான்று.

இலக்கணநூலாரும் குறுக்கத்தை வெறுத்தாரல்லர். தஞ்சாவூர் தஞ்சையாயிற்று, கோயம்புத்தூர் கோவையாயிற்று, உதகமண்டலம் உதகையாயிற்று. மக்கள் வாயில் தேய்ந்த இவற்றை மரூஉ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கில் சேர்த்து ஏற்றுக்கொண்டார் நன்னூலார். பாவலனுக்கு இடமிடர் நேர்ந்தால் தாமரையை மரை என முதலிற் குறைக்கலாம்; ஓந்தியை ஓதி என இடையிற் குறைக்கலாம்; நீலத்தை நீல் எனக் கடையிற் குறைக்கலாம். எங்கே குறைக்கலாம், எவ்வளவு குறைக்கலாம், குறைத்தபின் பொருள் நிற்கின்றதா என்பனவே அவர்தம் வினாக்கள். ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் மறைச்சொற்களையுங்கூடக் குழூஉக்குறி என ஒரு வகையாக்கி இடந்தந்தனர். மாணவர் தமக்குள் எழுதிக்கொள்ளும் விளையாட்டுச் சொற்களைக் கண்டு இலக்கணப் புலவன் மயங்கி விழுவான் என்று எண்ணுவது, இலக்கணம் படியாதார் கட்டிய கதை.

இனி, இலக்கணமே சுருக்கம் தருவது எவ்வாறென்று காண்க. 'வந்திலன்' என்னும் ஒரு சொல்லை நோக்குக. வருதல் என்னும் வினை, இறந்த காலம், எதிர்மறை, ஒருமை, ஆண்பால், படர்க்கை ஆகிய அத்தனையும் அவ்வைந்தெழுத்தில் அடங்கியுள்ளன. ஆங்கிலத்தில் இதற்கு நான்கு சொற்கள் வேண்டும். 'சுடுசோறு', 'ஊறுகாய்' என்னும் வினைத்தொகைகளில் முக்காலமும் தொக்கு நிற்கின்றன. வேற்றுமையுருபை மறைத்தும் உவமவுருபை மறைத்தும் உம்மையை மறைத்தும் சொல்லைச் சுருக்கும் தொகைநிலைகள் ஆறினை வகுத்து வைத்திருக்கின்றது தமிழிலக்கணம். தந்திக்குச் சொல்லெண்ணிக் காசு கொடுத்த காலத்தில், தேவையற்ற சொல்லை நீக்கித் தேவையான சொல்லைத் திருத்தமாக எழுதும் பழக்கம் பலர்க்கும் வந்தது. அன்று சொல்லைக் குறைத்தனரேயன்றிச் சொல்லின் எலும்பை முறிக்கவில்லை. அத்தந்தியும் இந்திய நாட்டில் 2013 சூலையோடு நின்றுபோயிற்று. அது பயிற்றிய சிக்கனமும் உடன் சென்றதுபோலும்.

உரோமன் எழுத்தால் உழைப்புக் குறையும் என்பதையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்யலாம். 1999ஆம் ஆண்டு பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளே 247 எழுத்துகளையும் தந்துவிடும். ஒரே மெய் இரட்டித்து வந்தால் முதலெழுத்திற்குப் புள்ளி தானே விழும். 'வாழைப்பழம்' என்று அதில் எழுத ஒன்பது தட்டல்கள் போதும். அதனையே உரோமன் எழுத்தில் பிழையற எழுத 14 எழுத்துகளை அடிக்கவேண்டும். ழகரம் ஒன்றற்கே இரண்டெழுத்து! 'நாளை வருகிறேன்' என்பதற்குத் தமிழில் இடைவெளியுட்பட 14 தட்டல்கள், உரோமனில் 16. நான்கு தட்டல் மிச்சமென்று எண்ணி உயிரெழுத்துகளை உதிர்ப்பவன், தமிழில் எழுதியிருந்தால் உதிர்க்காமலேயே அம்மிச்சத்தைப் பெற்றிருப்பான்.

மிச்சம் ஒருபுறமிருக்க, இழப்பை நோக்கினால் நெஞ்சு பதறும். உரோமன் எழுத்தில் 'வி', 'ஏ', 'எல்', 'ஐ' என நான்கெழுத்தை இட்டு ஒரு சொல் எழுதப்படுகின்றது எனக் கொள்க. அது வலியா, வழியா, வளியா, வாலியா, வாளியா, வாழியா? ஆறு சொற்கள் ஒரே குழியில் விழுந்து கிடக்கின்றன. ஊரிலுள்ள மருத்துவமனையில் தந்தைக்குத் துணையிருக்கும் மகள், தொலைவிலுள்ள உடன்பிறந்தானுக்கு அந்நான்கெழுத்தோடு 'இல்லை' என்பதையும் சேர்த்து விடுத்தால், அவன் எதைப் படிப்பான்? 'வலி இல்லை' என்று படித்தால் ஆறுதலடைந்து உறங்கச் செல்வான். 'வழி இல்லை' என்று படித்தால் அலறியடித்துக்கொண்டு இரவோடிரவாகப் புறப்படுவான். தமிழெழுத்தில் எழுதியிருந்தால் லகரமும் ழகரமும் அக்குழப்பத்திற்கு இடமே தந்திரா. பலமும் பழமும் பாலமும், கல்லும் கள்ளும் காலும், மனமும் மணமும் மானமும் எல்லாம் இவ்வாறே. லகர ழகர ளகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், நகர னகர ணகர வேறுபாடும், குறில் நெடில் வேறுபாடும் தமிழ்ச்சொல்லின் உயிர்நாடிகள். அவற்றை ஒருங்கே அறுத்துவிட்டு, முன்பின் தொடர்பைக் கொண்டு பொருளை ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது, படிப்பவனிடம் பாதி எழுத்தை எழுதச் சொல்வதாகும். மொழியறிந்த பெரியவன் ஒருவாறு ஊகிப்பான். அவ்வெழுத்திலேயே முதன்முதலாகத் தமிழைக் கண்டு வளரும் சிறுவனுக்கு ஊகிப்பதற்கு உள்ளே என்ன இருக்கின்றது? தேர்வுத்தாளில் அவன் 'வாழ்க்கை'யை 'வால்க்கை' என எழுதும்போது ஆசிரியரைக் கடிந்து பயனென்ன?

'பழைய ஓலைகளிலும் புள்ளியின்றித்தானே எழுதினர்?' என்று மடக்குவாரும் உளர். நல்ல வினா. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் அன்றே வகுத்திருந்தும், பிற்கால ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டனர். அதனால் மெய் எது, உயிர்மெய் எது, குறில் எது, நெடில் எது என்று படிப்பவனே தேர்ந்துகொள்ளவேண்டியதாயிற்று. அச்சுக் காலத்தையொட்டி 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு இன்று வழங்கும் வேறுபாட்டு வடிவங்களைத் தந்தார். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஓரெழுத்தின் ஐயத்தைத் தீர்க்கப் பல ஏடுகளை ஒப்பிட்டு எத்துணை நாள் உழன்றார் என்பதைத் தமிழுலகம் அறியும். எழுதியவன் இடாமற்போன ஒரு புள்ளிக்குப் படித்தவன் தன் கண்ணொளியைக் கொடுத்தான். ஓலையிலாவது தமிழெழுத்து இருந்தது. ழகரம் ழகரமாகவே நின்றது. அதுவும் இல்லாத எழுத்துக்கு ஓலையைச் சான்று காட்டுவது பொருந்துமா?

உரோமன் எழுத்தில் தமிழ் எழுதும் முயற்சியும் புதிதன்று. 1554ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டு இலிசுபன் நகரில் தமிழும் போர்ச்சுக்கீசியமும் கொண்ட ஒரு கிறித்தவ மறைச்சுவடி அச்சாயிற்று. அதில் தமிழ்ச்சொற்கள் உரோமன் எழுத்திலேயே இருந்தன. அன்று தமிழுக்கு அச்செழுத்து வார்க்கப்படவில்லை. அயலவர்க்கோ அது எளிது, தம் எழுத்து. எனினும், அதனோடு அவர் அமையவில்லை. இருபத்து நான்கே ஆண்டுகளில், 1578இல், கொல்லத்தில் அண்டிரீக்கு அடிகளார் தமிழெழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சுவடியை அச்சிட்டார். தமிழரிடம் பேசவேண்டுமானால் தமிழெழுத்து வேண்டும் என்று, மதம் பரப்ப வந்த வெளிநாட்டார் உணர்ந்து ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்தனர். நானூற்று நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஈயம் உருக்கவேண்டிய தேவையும் இல்லாத தமிழன், 1554க்குத் திரும்பிச் செல்கின்றான்!

தமிழெழுத்தில் எழுதுவாரிடத்தும் சோம்பல் இல்லாமலில்லை. வல்லினம் மிகுமிடத்தில் ஒற்றை விட்டுவிடுதல் இன்று பெருவழக்காகிவிட்டது. 'கீரைக்கடை' என்றால் கீரை விற்குமிடம். 'கீரை கடை' என்றால் அடுக்களையில் மத்தை எடுக்கச் சொல்வது. 'வேலை கொடு' என்பது பணி கேட்பது. 'வேலைக் கொடு' என்பது வேற்படையைக் கேட்பது. 'கைமாறு' வேறு; 'கைம்மாறு' வேறு. ஒரு தட்டலில் இவ்வளவு பொருள் மாறும்போது அத்தட்டலை மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. பேச்சுவழக்கில் 'வரேன்', 'போறேன்' என்று எழுதுவாரோ பலர். அது நன்றென்று கூறவியலாது. ஆயினும் உரோமன் எழுத்தில் எழுதுவதோடு ஒப்பிட்டால் அது சிறு குற்றமே. தமிழெழுத்தில் 'வரேன்' என எழுதும் கை நாளை 'வருகிறேன்' என எழுதிவிடும். உரோமனில் எழுதும் கைக்கு அப்பாலம் இல்லை.

அரசுகளின் கடனும் இதில் உண்டு. இந்திய ஒன்றிய அரசு 2016இல் கைப்பேசிகளுக்கென ஒரு செந்தரத்தைக் கட்டாயமாக்க ஆணை பிறப்பித்தது. அட்டவணை மொழிகள் அனைத்தையும் திரையில் படிக்க இயலவேண்டும் என்பது அதன் ஒரு கூறு; அது வரவேற்கத்தக்கதே. எழுதும் வாய்ப்புக்கு வந்தபோதோ, ஆங்கிலமும் இந்தியும் கட்டாயம், அவற்றோடு ஏதேனும் ஓர் இந்திய மொழி என்று வகுத்தனர். தமிழ்நாட்டில் விற்கும் கருவியிலும் இந்திக்கு உறுதியான இருக்கை. தமிழுக்கு 'ஏதேனும் ஒன்று' என்னும் திண்ணை! நடைமுறையில் வணிகர் தமிழையும் சேர்த்தே தருகின்றனர். ஆனால், அது வாங்குவார் எண்ணிக்கையால் வந்ததேயன்றி உரிமையால் வந்ததன்று. மொத்தமாகக் குறுஞ்செய்தி விடுக்கும் நிறுவனங்களுக்கு இன்றும் 70 குறிகளைக் கடந்த தமிழ்ச்செய்தி இரண்டாகவும் மூன்றாகவும் கணக்கிடப்படுகின்றது. வைப்பகமும் வளி உருளைக் கடையும் தமிழர்க்கு ஆங்கிலத்தில் செய்தி விடுப்பதற்கு அதுவும் ஒரு கரணியம். ஏழு துணுக்கு முறையிலேயே தமிழை விடுக்க உதவும் எழுத்தட்டவணை அனைத்துலகச் செந்தரத்தில் சேர்க்கப்பட்டிருந்தும், அதனைப் பரவலாக நடைமுறைப்படுத்துவாரில்லை. தமிழக அரசு தொலைத்தொடர்பு நிறுவனங்களை அழைத்துக் கேட்கவேண்டிய கேள்வி இது.

அரசு கேட்கும்வரை காத்திராமல் ஒவ்வொரு வீட்டிலும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கைப்பேசியில் அமைப்புகள் என்னும் பக்கத்தைத் திறந்து, மொழியும் உள்ளீடும் என்னும் பகுதியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க ஒன்றிரண்டு மணித்துளிகள் போதும். பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித்தரும் தந்தை, விலை கொடுக்குமுன் கடைக்காரரையே அதனைச் செய்துதரச் சொல்லி, அங்கேயே நின்று, வீட்டிலிருக்கும் தாய்க்கு ஒரு வரி எழுதி விடுக்குமாறு பிள்ளையிடம் கூறலாம்.